மிச்சக்குழி

ஆப்பிள்யார்ட் துரைக்கு நின்ற இடமெல்லாம் மேடை. அன்றைக்கு வாய்த்த மேடை, ஆட்கள் உடுப்பு மாற்றும் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த வெடிமருந்துப் பெட்டி. தலைக்கு மேலே, முந்தைய ஷிப்டின் ஈரச் சட்டைகளும் காற்சட்டைகளும் சங்கிலியில் கோத்துக் கூரையோரம் ஏற்றப்பட்டு, தூக்கில் போட்டவர்கள் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. கீழே பாதி உடுப்போடும் பாதி உடம்போடும் நின்றவர்களைப் பார்த்து மானேஜர் துரை முகவாயைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: சுவீடனிலிருந்து புது மெஷின் வருகிறது. ஓர் ஆள் தனியாகத் தூக்கலாம், தனியாகவே பாறையில் குழி போடலாம். காற்றழுத்தத்தில் நீளுகிற ஒற்றைக்கால் அதற்கு உண்டு, பின்னாலிருந்து அதுவே முட்டுக்கொடுக்கும். இனிமேல் இந்தத் தங்கச் சுரங்கத்தில் ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே கூட்டாளி.

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார். கூட்டத்தில் முக்கால்வாசி பின்லாந்துக்காரர்கள். இங்கிலீஷ் புரியாதவர்கள் தட்டினார்கள். புரிந்தவர்கள் தட்டவில்லை.

பேச்சு முடிந்ததும் துரை வெளியே போய்விட்டார். கதவுகளைச் சாத்தி பாறைத்தூசிக்கு மாற்றென்று வழக்கமாக அடிக்கும் அலுமினியக் கரும்பொடியை உள்ளே பீய்ச்சினார்கள். நுரையீரலுக்குக் காப்பு, நன்றாக இழுங்கள் என்று டாக்டர் உத்தரவு. அவ்வளவு நல்ல பொடியை மானேஜரோ டாக்டரோ ஒருநாளும் உள்ளே நின்று இழுத்ததில்லை. தொழிலாளிக்கு வந்ததைப் பங்குபோட வேண்டாம் என்ற பெருந்தன்மையாக இருக்கலாம். அந்தக் கரும்பனிக்குள், பாறை துளைக்கிற ஊர்ஹோவுக்குப் பக்கத்தில் நின்றவன் தாவேத்தி. ஊர்ஹோவின் அக்காள் ஸைமியின் புருஷன். பல வருஷமாக ஒரே மெஷினில் கூட்டாளி. பொடி அடங்கியபோது இருவர் முகமும் கறுத்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பழைய மெஷினைத் தனியாளாக ஒருவனும் கட்டி மேய்க்க முடியாது. தரைக்கும் கூரைக்கும் நடுவே இரும்புத் தூணை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதில் மெஷினைத் தூக்கி மாட்டவே இரண்டு பேர் மூச்சு வேண்டும். ஒருவன் மெஷினைப் பிடிப்பான். மற்றவன் துளைக்கிற கம்பியை மாற்றுவான், பாறையைக் கழுவுவான். கழுவுவதுதான் முக்கியம். முந்தைய வேட்டில் சரியாக உடையாத குழிகள் பாறைமுகத்தில் சாண் ஆழத்துக்கு மிஞ்சி நிற்கும். மிச்சக்குழி என்பார்கள். அதன் அடியில் வெடிக்காத மருந்து இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கைவிட்டுப் பார்க்க ஒருவருக்கும் ஆசை இல்லாததால், ஒவ்வொன்றிலும் மரக்குச்சி செருகி அடையாளம் வைத்துவிட்டு, தள்ளித்தான் புதுக்குழி போடுவார்கள். ஆனாலும் மிச்சக்குழி ஒரு பொல்லாத சுகம். வழுக்குகிற பாறையில் கம்பிமுனையைப் பிடிக்கவைக்க நாய்பாடு படவேண்டும். மிச்சக்குழியில் வைத்தாலோ தொட்டிலில் பிள்ளையை வைத்ததுபோல உட்கார்ந்துகொள்ளும். அவசரக்காரர்கள் அப்படி வைத்ததுண்டு. அவர்களில் சிலர் ஊருக்கு வடக்கே, வேலியடைத்த இடத்தில் படுத்திருக்கிறார்கள்.

மற்ற ஜோடிகளில் யாருக்கு மெஷின், யாருக்குக் கல் வாருகிற வேலை என்று மானேஜரே எழுதிப்போட்டார். இந்த ஜோடிக்கு மட்டும், நீங்கள் ஒரே குடும்பமாச்சே, வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். குடும்பங்களை மதிக்கிறவர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸைமி பாலும் உருளைக்கிழங்கும் போட்டு ஏரிமீன் கொதிக்கவைத்திருந்தாள். கருப்பு ரொட்டி, நூல் இழுக்கிற தயிர். வெளியே பனி ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்தது. தாவேத்தி மீன்தலையைப் பிரித்து, கண்ணை உறிஞ்சித் துப்பிவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

"மாப்ளே, திங்கக்கிழமைலேருந்து நீ ஷவலைப் புடிச்சுக்க."

"ஏன் மச்சான், உங்க கைக்கு அது பொருந்தாதா?"

"பொருந்தும். எனக்கு வயசாவுதுல்ல. லேசான மெஷினை வயசாளிக்கு விடு. நீ எளவட்டம், குனிஞ்சு நிமிந்தா ஒடம்புக்கு நல்லது."

"லேசான மெஷினா? அதைப் புடிக்கிறவன் அது கூடவே ஆடணுமாம். உங்க முட்டி ஒரு பாட்டுக்குத் தாங்காது."

தாவேத்தி காப்பியைச் சாஸரில் ஊற்றி, பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்து உறிஞ்சினான். அந்தச் சத்தம் முடியும்வரை மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

"சுவீடன்காரன் மெஷினை ஒரு பின்லாந்துக்காரன் புடிக்கப் போறான்னா, அது மூத்தவனாத்தான் இருக்கணும். இன்னொண்ணு. கல்லு வாருறவனுக்கு என் மாடியில கட்டில் கெடையாது. மெஷின்காரன் வீடு இது."

ஊர்ஹோவின் கை ரொட்டிக் கத்தியில் இருந்தது. அவன் அதை வேறெதற்கும் எடுக்கவில்லை, ரொட்டிக்குத்தான் எடுத்திருந்தான். ஆனாலும் ஸைமி எட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டாள். ஊர்ஹோவுக்கு அந்த மாடியைத் தவிர வேறு வீடு கிடையாது. கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அக்காள் சமையல், அக்காள் துவைத்த சட்டை, மச்சானோடு மெஷின். மெஷின் போனால் மாடியும் போகும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"மாடி ஒன்னுது, சரி," என்றாள் ஸைமி புருஷனிடம். "படிக்கட்டு நான் தெனம் தேய்ச்சுக் கழுவுறது. அதுல யாரு எறங்கணும்னு நான் பாத்துக்கறேன்யா."

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைக்கு ஒரு விதி உண்டு. என்ன பகை இருந்தாலும் சவுனா என்கிற ஆவிக்குளியல் குடிலில் சண்டை கூடாது, கெட்டவார்த்தை கூடாது. ஏரிக்கரை ஓரத்து மரக்குடிலில், கல்லடுப்பு செக்கச்செவேலென்று காய்ந்திருக்க, இரண்டு பேரும் அம்மணமாக மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். முதலில் எழுந்து வெளியே போகிறவனுக்கு ஷவல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மச்சான்?"

"ஒனக்குச் சிரமம் இல்லேன்னா ஊத்து மாப்ளே."

ஊற்றினான். தண்ணீர் பட்ட கல் சீறியது. காதுமடல் எரிந்தது. மூச்சை மூக்கால் இழுத்தால் மூக்கு வேகும், வாயால் இழுத்தால் பல் சுடும். தாவேத்தி, சவுனாவில் முதுகைத் தட்டிவிடுகிற இலைக்கொத்தை எடுத்து மைத்துனன் முதுகில் மரியாதையாக அடித்துவிட்டான். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி மிஞ்சிய பிறகும் அடித்தான். ஊர்ஹோ நன்றி சொல்லிவிட்டு, கொத்தை வாங்கி அதே மரியாதையைத் திருப்பிச் செய்தான். தோல் வரிவரியாகக் கிழிந்து ரத்தம் வேர்வையோடு இறங்கியது. வாளித்தண்ணீர் தீர்ந்தபோது தாவேத்தி குடிக்க வைத்திருந்த பீரை அடுப்பில் ஊற்றினான். ரொட்டி வேகிற வாசனை வந்தது. வேகிறது ரொட்டியா தான்தானா என்று ஊர்ஹோவுக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் ஸைமி கதவைத் திறந்தாள். தம்பி உருண்டு வாசலருகே கிடந்தான். காலைப் பிடித்துத் தரதரவென்று பனிக்குள் இழுத்துப்போட்டாள். திரும்பப் போனால், புருஷன் மேல்பலகையில் ராஜா மாதிரி நிமிர்ந்து, கண் திறந்தபடி மயங்கியிருந்தான். அவனையும் இழுத்தாள்.

முதலில் விழித்தவன் தாவேத்தி. விழித்ததும் சொன்ன வார்த்தை, "நான்தான் ஜெயிச்சேன்."

"நானா வெளிய வரலையே. அக்கா இழுத்தா," என்றான் ஊர்ஹோ.

"எப்பிடி வந்தா என்ன? நெலப்படி தாண்டினது நீதானே மொதல்ல."

சவுனாவுக்கு வெளியே எந்த விதியும் இல்லை. ஊர்ஹோ எழுந்த வேகத்தில் தலையால் மச்சானின் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் அம்மணமாக, ஆவி பறக்க, உறைந்த ஏரியின்மேல் உருண்டார்கள். தாவேத்தி மைத்துனனின் தலைமயிரைப் பிடித்து முகத்தைப் பனிக்கட்டியில் தேய்த்தான், கேரட் சீவுவதுபோல. ஊர்ஹோ அவன் முன்னங்கையைக் கவ்விக் கடித்தான், வாயில் உப்பு வரும்வரை விடவில்லை. பக்கத்துச் சவுனாக்களிலிருந்து ஜனம் துண்டோடும் துண்டில்லாமலும் வந்து வட்டம் கட்டி நின்றது. ஒருவன் மிச்சமிருந்த பீரைக் கொண்டுவந்தான். விலக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஸைமி அடுப்புக் கட்டையோடு வந்து, யாருக்கு விழுகிறது என்று பார்க்காமல் இறக்கினாள். தாவேத்திக்கு விலா எலும்பு விட்டுப்போனது. ஊர்ஹோவுக்குத் தோளில் அடி.

தீர்ப்பைக் கூட்டுறவுக் கடையில் ஊர் கூடிச் சொன்னது. இந்த ஊரில் கடவுள் உண்டா இல்லையா என்றே இரண்டு கட்சி. ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்றானார்கள். நிலைப்படியை முதலில் தாண்டியவன் தோற்றவன், தன் காலால் தாண்டினாலும் சரி, அக்காள் கையால் தாண்டினாலும் சரி. ஊர்ஹோ எல்லோர் முன்னாலும், மாவு மூட்டைமேல் கைவைத்துக்கொண்டு, சுவீடன்காரன் என்று பேர் வாங்கிவிட்ட அந்த மெஷினோடு சேர்த்து மச்சானையும் புதைக்காமல் விடமாட்டேன் என்றான். சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குக் காது இருந்ததைப் பிறகுதான் அவன் உணர்ந்தான்.

அவன் படுக்கை மாடியிலிருந்து சவுனாவின் முன்னறைக்கு இறங்கியது. ஸைமி போர்வை கொண்டுவந்து கொடுத்தாள். எதுக்கு என்னை மொதல்ல இழுத்தே என்று கேட்டான். நீதானே வாசல்கிட்ட கெடந்தே என்றாள். அது பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை அவன் பல ராத்திரி புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

பனி உருகத் தொடங்கியபோது டொரொண்டோவிலிருந்து கம்பெனி டைரக்டர்கள் வருவதாகச் செய்தி வந்தது. சுவீடன்காரனின் வேலையை அவர்கள் நேரில் பார்ப்பார்கள், போட்டோ பிடிக்கப்படும். மானேஜர் துரை கீழே இறங்கிப் பாறைமுகத்தைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. சுரங்கம் கறுப்பாக இருப்பது போட்டோவுக்கு ஆகாது என்று அவருக்குப் பட்டது. வெள்ளையடிக்கச் சொன்னார்.

அந்த வேலை, கல் வாருகிறவன் என்பதால், ஊர்ஹோ தலையில் விழுந்தது. பழக்கதோஷத்தில் முதலில் பாறையைக் கழுவினான். மிச்சக்குழிகள் இருந்தன. குச்சி செருகினான். பிறகு சுண்ணாம்பு பீய்ச்சினான். சாயங்காலம் மேற்பார்வைக்கு வந்த மானேஜர், கல்யாண மண்டபம்போல் வெளுத்த சுவரில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். சாப்பிட்டு முடித்தவன் பல்குத்துகிற மாதிரி இருக்கிறது, பிடுங்கி எறி, இன்னொரு பூச்சு அடி என்றார். ஊர்ஹோ வாயைத் திறந்தான். கல் வாருகிறவனிடம் யாரும் கேட்கவில்லை என்பது நினைவு வந்து மூடிக்கொண்டான். பிடுங்கினான், அடித்தான். மச்சானிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏரிச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவு பெரிய மெஷின்காரனுக்குக் கண் தெரியாதா என்று நினைத்துக்கொண்டான்.

ஒற்றையாள் மெஷினை ஒற்றை ஆளாக ஓட்டிக் காட்ட ஏகப்பட்ட ஆள் தேவைப்பட்டது. விளக்குப் பிடிக்க, குழாய் சுருட்ட, டைரக்டர்களின் புது மழைக்கோட்டில் சேறு படாமல் பலகை போட. ஊர்ஹோவை, கல்வண்டிக்குப் பின்னால் பெரிய காற்றுக்குழாயின் வால்வருகே நிறுத்தினார்கள். பாதிரியார் ஒருவரும் வந்திருந்தார். மெஷினுக்காக ஜெபம் செய்தார். தாவேத்திக்குக் கம்பெனி புது உடுப்பு கொடுத்திருந்தது. மடிப்பு கலையாமல், முதல் பூசைக்குப் போகும் பையன் மாதிரி விறைத்து நின்றான்.

மானேஜர் கை அசைத்தார். ஊர்ஹோ வால்வைத் திறந்தான். சுவீடன்காரன் உறுமினான்.

கம்பிமுனை பாறையைத் தொட்டதும் வழுக்கியது. தாவேத்தி இழுத்துப்பிடித்து மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கி, சுண்ணாம்பில் ஒரு வளைந்த கோடு கிழித்தது. ஒற்றைக்கால் நீண்டு அவனைத் தள்ள, அவன் மெஷினைக் கட்டிக்கொண்டு வலதுபக்கம் நாலு எட்டு வைத்து, இடதுபக்கம் திரும்பி வந்தான். டைரக்டர்களில் பருத்தவர் ஒருவர் பாதிரியாரின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சத்தத்தில் சிரிப்புக் கேட்காது, ஆனால் பருத்தவரின் வயிறு குலுங்கியது தெரிந்தது. தாவேத்தியின் கழுத்தும் காதும் சிவந்ததை ஊர்ஹோ வால்வருகே நின்று பார்த்தான். உள்ளுக்குள் இனித்தது, அதை மறைப்பானேன்.

அப்போது தாவேத்தி நெற்றியைப் பாறையருகே வைத்துப் பார்த்தான். வெள்ளைப் பூச்சில் ஓரிடம் கன்னக்குழிபோல லேசாக உள்வாங்கியிருந்தது. கம்பிமுனையை எடுத்து அதில் வைத்தான். முனை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

ஊர்ஹோ கத்தினான். அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. வால்வை அடித்து மூடினான்.

சுவீடன்காரன் நீளமாக, வெட்கமில்லாமல், வயிறு உப்பியவன் விடுவதுபோல ஒரு காற்றை விட்டு அடங்கினான். பிறகு தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். பாதிரியார் கூரையைப் பார்த்தார்.

தாவேத்தி மெஷினைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். வரும்போதே ஸ்பானரை எடுத்துக்கொண்டான். ஊர்ஹோவின் வாயில் இறக்கினான். ஊர்ஹோ கல்வண்டிக்குப் பின்னால் சாக்கடையில் விழுந்தான். விழுந்தவனை நெஞ்சில் மிதித்தான், விலாவில் உதைத்தான். மானேஜர் துரை விருந்தினர்களைப் பார்த்துத் திரும்பி, தொழிலாளர்களின் உற்சாகம் சில சமயம் இப்படி வெளிப்படும் என்று விளக்கினார். லிப்ட் பக்கம் காப்பியும் சாண்ட்விச்சும் தயாராக இருக்கின்றன, ஒழுங்கு திரும்பியதும் மறுபடி வரலாம் என்று வளைவுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். விளக்குப் பிடித்தவர்களும் போனார்கள்.

ஊர்ஹோ ரத்தத்தைத் துப்பிவிட்டு, நாக்கு வரும் வழியில் பல் கிடக்க, சொன்னான். "மிச்சக்குழி, மச்சான்."

தாவேத்தி குனிந்து அவன் காதோரம் சொன்னான். "தெரியும்டா."

நிமிர்ந்தான். வால்வைத் தானே திறந்தான். விருந்தாளிகள் திரும்புவதற்குள் ஒரு முழத்துக்காவது கம்பியை ஏற்றிவிட்டால், பிறகு அவர்கள் பார்க்கும்போது வெண்ணெயில் கத்திபோல இறங்கும். அந்த அவசரம் அவன் நடையில் இருந்தது. மெஷின் உறுமியது.

வெடித்தது.

முதலில் வெளிச்சம். பிறகு காற்று ஒரு சுவர்போல வந்து கல்வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிச் சாய்த்தது. கல்லும் இரும்பும் கூரையில் மோதித் திரும்பின. வண்டிக்குப் பின்னே சாக்கடையில் கிடந்ததால்தான் ஊர்ஹோ பிழைத்தான், அதாவது அடிவாங்கிக் கிடந்ததால். காது இரண்டும் விசில் அடித்தன. சுண்ணாம்பும் மருந்துப்புகையும் சேர்ந்து எதிரே ஒன்றும் தெரியாத வெள்ளை. கையால் தடவிக்கொண்டு போனான். முதலில் தட்டுப்பட்டது சுவீடன்காரனின் ஒற்றைக்கால், முறுக்கிய துணிபோல. பிறகு ஒரு பூட்ஸ். பிறகு மச்சான். புது உடுப்பு கந்தலாகத் தொங்கியது. வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. முகத்தில் கண் இருக்கவேண்டிய இடங்களில் கல்துருவல் அப்பியிருந்தது. மேல்தாடையின் எலும்பு வெளியே தெரிந்தது. வாயிலிருந்து கன்று கத்துவதுபோல ஒரே சத்தம், விட்டுவிட்டு.

ஊர்ஹோ தன் இடுப்புவாரை உருவி மச்சானின் கையில் இறுக்கிக் கட்டினான். தோளில் போட்டுக்கொண்டு வளைவைத் தாண்டினான். அங்கே டைரக்டர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளையாக, ஆளுக்கொரு சாண்ட்விச்சோடு, பேயடித்தவர்கள்போல நின்றிருந்தார்கள். பருத்தவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார். நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லைபோல.

அன்று மாலைக்குள் கதை தயாராகிவிட்டது. ஆப்பிள்யார்ட் துரை அதற்கு முதுகெலும்பு வைத்துக் கொடுத்தார்: மெஷின் ஓடும்போது ஊர்ஹோ காற்றை மூடினான். விருந்தினர் விலகிய பிறகு அவன் ஒருவன்தான் கூட இருந்தான். வெள்ளையடித்ததும் அவனே, எந்தக் குழியில் என்ன வைத்து மறைத்தானோ. கடையில் மாவு மூட்டைமேல் கைவைத்துச் சொன்னதைச் சாட்சி சொல்ல, அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் வந்தார்கள். வெள்ளையடிக்கச் சொன்னது யார், குச்சியைப் பிடுங்கச் சொன்னது யார் என்பது மட்டும் அந்தக் கதையில் இடம் போதாமல் விட்டுப்போயிற்று. ஊர்ஹோ சொல்லிப் பார்த்தான். உடைந்த வாயில் பாதி வார்த்தை நுரையாக வந்தது.

போலீஸ்காரர் அவனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் ஸைமி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்தாள். அவள் ஏப்ரனில் புருஷன் ரத்தம் காய்ந்திருந்தது.

"காத்தை மூடினது நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"மிச்சக்குழி, அக்கா. அதுல வெச்சிட்டார்."

"அவருக்குத் தெரியாத மிச்சக்குழியா? எத்தினி வருசமா குச்சி செருகுறவரு."

"தெரியும்னுதான் சொன்னாரு. எங்கிட்ட சொன்னாரு."

அவள் அறைந்தாள். உடைந்த வாய் என்று பார்க்கவில்லை. அவன் சுவரில் போய் மோதினான். மறுபடி அறைந்தாள்.

"தெரிஞ்சே போயி வெச்சாராம். என் புருசன் என்ன பைத்தியமா? அதைச் சொல்லத்தான் ஒனக்கு நாக்கு மிச்சமிருக்கா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னிக்கி நான் மொதல்ல ஒன்னைத்தான்டா இழுத்தேன். நீ செத்துடப் போறியேன்னு."

உள்ளே போய்விட்டாள். அக்காள் அறைந்த அறை தூக்குமேடையைவிடக் கனமாக இருந்தது ஊர்ஹோவுக்கு. போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்தபோது ஏறக்குறைய ஆறுதலாக இருந்தது.

தாவேத்தி சாகவில்லை. ஜுரம் வந்து போனது, கை வீங்கி இன்னும் கொஞ்சம் மேலே அறுத்தார்கள், கண் இரண்டும் இனி இல்லை என்றார்கள். வாய் திறக்க வந்ததும் வாக்குமூலம் வாங்க அரசாங்கத்துச் சுரங்க இன்ஸ்பெக்டர் வந்தார். ஆப்பிள்யார்ட் துரையும் வந்தார், கையில் பூங்கொத்தோடு. கண் இல்லாதவனுக்குப் பூ கொண்டுவந்ததை அறைக்குள் வந்த பிறகு உணர்ந்து, அதை நர்ஸிடம் கொடுத்தார். நேருக்கு நேர் கேட்டால் சரியாக இருக்கும் என்று ஊர்ஹோவையும் போலீஸ்காரர் கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்தினார். ஸைமி தம்பியைப் பார்க்காமல் ஜன்னலோரம் நின்றாள். வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்துகொண்டிருந்தது.

தாவேத்தியின் தலை முழுக்கக் கட்டு. மூக்கும் வாயும் மட்டும் வெளியே. மானேஜர் தொண்டையைச் செருமி, கம்பெனி உன்னை மறக்காது, உன் நேர்மையான உழைப்பை ஒரு பொறாமைக்காரனின் கை சிதைத்துவிட்டது, நடந்ததை மட்டும் இவர்களிடம் சொல் என்று அழகாகத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அவரை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார்: மைத்துனன் காற்றை மூடினானா?

"மூடினான்," என்றான் தாவேத்தி, தன் சுரங்கத்து இங்கிலீஷில்.

மானேஜர் தலையாட்டினார். ஸைமியின் தோள் இறங்கியது.

"தொறந்தது யாரு?"

"நான்."

"அவன் எங்கே இருந்தான்?"

"சாக்கடையில. நான்தான் அடிச்சுப் போட்டேன். நல்லா அடிச்சேன்."

"அந்தக் குழியைப் பத்தி உனக்குத் தெரியுமா?"

ஊர்ஹோ தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை போதும் மச்சானுக்கு. கண்ணும் கையும் போனவன், முட்டாள் என்ற பேரையும் சேர்த்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஊர் அவனைத் தூக்கிவைத்துப் பேசும். வேலைக்காரன், வஞ்சகத்தில் போனான் என்று.

"தெரியும்," என்றான் தாவேத்தி. "சுண்ணாம்பை ஆயிரம் பூச்சு பூசு, மிச்சக்குழி எனக்குத் தெரியும். இந்த மனுசன் குச்சியைப் புடுங்கச் சொன்னது எனக்குத் தெரியாது, அதை இப்போ ஸைமிதான் சொன்னா, கொட்டகையில பேசிக்கிறாங்கன்னு. ஆனா குழி தெரியும். கம்பி வழுக்கிச்சு. அந்தக் குண்டன் சிரிச்சான். வெச்சேன். அவ்வளவுதான். எழுதிக்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறகு மானேஜர் பக்கம் திரும்பி, எந்தக் குச்சி என்று கேட்டார். ஆப்பிள்யார்ட் துரை பேச வாயெடுத்தார். நர்ஸின் கையிலிருந்த பூங்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"மாப்ளே இருக்கானா இங்க?" என்றான் தாவேத்தி, இப்போது தங்கள் பாஷையில்.

"இருக்கேன் மச்சான்."

"கிட்ட வா. சத்தமாப் பேசினா தலை வலிக்குது."

ஊர்ஹோ குனிந்தான். கட்டின் வாசனை, மருந்து வாசனை, கீழே இன்னும் போகாத வெடிப்புகை வாசனை. தாவேத்தியின் இடதுகை போர்வைக்குள்ளிருந்து வந்து அவன் முகத்தைத் தடவியது. நெற்றி, மூக்கு, கன்னம். வாய் எங்கே என்று விரல்கள் கண்டுபிடித்தன. பிறகு அந்தக் கை பின்வாங்கி, முஷ்டியாகி, அதே இடத்தில் வந்து இறங்கியது.

ஊர்ஹோ மருந்துத் தட்டோடு சேர்ந்து தரையில் விழுந்தான். புட்டிகள் உடைந்தன. போலீஸ்காரர் பாய்ந்து வந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நாலு பேரு முன்னாடி காத்தை மூடறியாடா?" என்றான் தாவேத்தி. "டொரொண்டோக்காரன் பாக்கறான், மெஷினைக் குசு விட வெக்கறே. ஓடி வந்து என் முதுகுல ஒண்ணு போட்டிருந்தா நான் வெச்சிருப்பனா?"

ஸைமி ஜன்னலை விட்டு வந்தாள். தம்பியின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். ஏப்ரனால் அவன் வாயைத் துடைத்தாள், வலிக்கட்டும் என்பதுபோல அழுத்தித் துடைத்தாள். அவன் உள்ளங்கையில் இன்னொரு பல்லைத் துப்பி, அதைத் திருப்பிப் பார்த்தான்.

"எடது கையும் பரவால்ல மச்சான்," என்றான்.